கண் கேமரா போலவா வேலை செய்கிறது?

கேள்வி இது: "கண் கேமரா போல வேலை செய்கிறது, படம் விழித்திரையில் தலைகீழாக விழுகிறது என்று மகளின் அறிவியல் பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் நமக்கு ஏன் எல்லாம் நேராகத் தெரிகிறது? மங்கிய வெளிச்சத்தில் நிறம் ஏன் மறைந்துபோகிறது? உண்மையில் பார்ப்பது கண்ணா, மூளையா?"

கேமரா உவமை கண்ணின் முன்பாதிக்கு நன்றாகவே பொருந்துகிறது. பின்பாதிக்கு வந்தால் அது நம்மைத் தவறான வழியில் கொண்டுபோய் விடுகிறது. மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது, அந்த உவமையை விழித்திரையின் வாசலோடு நிறுத்திவிடுங்கள் என்பதுதான். கண் படம் பிடித்து மூளைக்கு அனுப்புவதில்லை. எங்கே ஒளி வேறுபடுகிறது, எது மாறுகிறது என்பதை மட்டும் சலித்தெடுத்துச் சொல்கிறது. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது.

முன்பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்கோளம் முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம். ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையை லென்ஸ் செய்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கண்ணின் முகப்பில் இருக்கும் நிறமற்ற கார்னியா. காற்றிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும் இடத்தில்தான் ஒளி பெரிதும் வளைகிறது. கிணற்றில் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கித் தெரிவதற்குக் காரணம் அதுவே. நீரும் கார்னியாவும் ஒளியை வளைப்பதில் கிட்டத்தட்ட ஒரே தன்மை உடையவை. ஆகவே நீருக்குள் கார்னியாவின் திறன் ஏறக்குறைய முழுதும் போய்விடுகிறது. நீச்சல் கண்ணாடி கண்ணுக்கு முன்னால் மீண்டும் காற்றை வைக்கிறது, பார்வை தெளிந்துவிடுகிறது.

மீதிப் பங்கும், தூரத்துக்கேற்பக் குவியத்தை மாற்றும் பொறுப்பும் லென்ஸுக்கு உரியவை. லென்ஸைச் சுற்றிலும் நுண்ணிழைகள் பிடித்திழுத்துக்கொண்டிருக்கின்றன. அருகில் பார்க்கும்போது அந்த இழைகளைப் பிடித்திருக்கும் வளையமான சிலியரித் தசை சுருங்குகிறது, இழைகள் தளர்கின்றன, லென்ஸ் தன் நெகிழ்ச்சியால் தானாகவே உப்பிக்கொள்கிறது. தூரத்தில் பார்க்கும்போது அந்தத் தசைக்கு ஓய்வு. வயதாக ஆக லென்ஸ் இறுகுகிறது. நாற்பதைத் தாண்டியவருக்குத் தசை சுருங்கினாலும் லென்ஸ் போதிய அளவு உப்புவதில்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுவது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

கண்பாவையைப் பற்றி ஒன்று மட்டும். அது 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரியும். பரப்பளவில் கணக்கிட்டால் 16 மடங்கு. ஆனால் நட்சத்திர வெளிச்சத்துக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் இடையே பல கோடி மடங்கு வேறுபாடு இருக்கிறது. இரண்டிலும் நமக்குக் கண் தெரிகிறது. மீதி முழுவதையும் விழித்திரைதான் சமாளிக்கிறது.

விழித்திரை கால் மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்ட நரம்புத் திசு. கருவில் மூளையிலிருந்தே அரும்பி வளர்வது. ஆகவே அதை மூளையின் நீட்சி என்று சொல்வது மிகை அன்று. அதில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. மங்கிய வெளிச்சத்துக்கான குச்சிச் செல்கள் ஒவ்வொரு கண்ணிலும் பத்துக் கோடி அளவில் இருக்கின்றன. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் உரிய கூம்புச் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம். ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் இருப்பவை பத்து லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலான இழைகளே. செல்களின் எண்ணிக்கையையும் இழைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டாலே தெரியும், எல்லாவற்றையும் அப்படியே அனுப்ப வழியில்லை என்று.

இப்போது ஒரே ஒரு குச்சிச் செல்லை நெருங்கிப் பார்ப்போம். அதன் வெளிமுனையில் ஆயிரத்தை ஒட்டிய மெல்லிய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ரோடாப்சின் என்னும் நிறமியின் மூலக்கூறுகள் சுமார் பத்துக் கோடி. ஒவ்வொன்றின் நடுவிலும் ரெட்டினால் என்னும் சிறு துண்டு வளைந்து உட்கார்ந்திருக்கிறது. ஒளியின் மிகச்சிறிய அலகு ஃபோட்டான். அதில் ஒன்றை ரெட்டினால் உள்வாங்கியதும் அந்த வளைவு நிமிர்கிறது. ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் இது நடந்து முடிகிறது. பார்வை என்ற நிகழ்ச்சி முழுவதிலும் ஒளிக்கு உள்ள பங்கு இவ்வளவுதான். இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வேதியியலும் மின்சாரமும்.

அதற்குப் பிறகு நடப்பது யாரும் எதிர்பார்க்காதது. குச்சிச் செல் இருட்டில்தான் ஓயாமல் இயங்குகிறது. ஒளி இல்லாதபோது சோடியம் அயனிகள் நுண்வாயில்கள் வழியே அதற்குள் பாய்ந்துகொண்டே இருக்கின்றன. செல்லும் தன் மறுமுனையில் குளுட்டமேட் என்னும் வேதிப்பொருளை விடாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. திறந்துவிட்ட குழாயைப் போல. ஒளி வந்து அந்தக் குழாயை மூடுகிறது. நிமிர்ந்த ஒரு மூலக்கூறு அருகிலுள்ள புரதங்கள் பலவற்றைத் தூண்டிவிடுகிறது, வாயில்களைத் திறந்துவைத்திருக்கும் பொருளை அவை சிதைக்கின்றன, வாயில்கள் மூடிக்கொள்கின்றன. ஒரே ஒரு ஃபோட்டானால் பத்து லட்சம் அளவிலான சோடியம் அயனிகள் உள்ளே வராமல் தடுக்கப்படுகின்றன. குளுட்டமேட் சுரப்பு குறைகிறது. அந்தக் குறைவுதான் அடுத்த செல்லுக்குச் செய்தி.

இந்தப் பெருக்கத்தின் நுட்பத்தை 1942-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்னும் மூவர் அளந்து காட்டினார்கள். பார்ப்பவர்களை முதலில் நெடுநேரம் இருட்டில் உட்காரவைத்தார்கள். பிறகு குச்சிச் செல்கள் மிகுந்த பகுதியில் விழும்படி, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் நீலப்பச்சை ஒளியைக் காட்டினார்கள். கண்ணின் மேற்பரப்பில் 54 முதல் 148 ஃபோட்டான்கள் வந்து விழுந்தாலே "தெரிந்தது" என்று சொல்ல முடிந்தது. அவற்றில் சில கார்னியாவில் பட்டுத் திரும்புகின்றன, சில உள்ளே செல்லும் வழியில் அழிகின்றன, பல குச்சிச் செல்களைத் தொடாமலே கடந்துபோகின்றன. கழித்துப் பார்த்தால், வேலை செய்தவை 5 முதல் 14 வரையிலான ஃபோட்டான்கள்தாம். அவையும் சுமார் 500 குச்சிச் செல்கள் கொண்ட பரப்பில் சிதறி விழுந்தவை. ஒரே செல்லில் இரண்டு விழுவதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு. அப்படியானால் ஒரு குச்சிச் செல் ஒரே ஃபோட்டானை உணர்கிறது என்றுதான் பொருள். இதைவிட நுட்பமான ஒளியுணர்வு இருக்க முடியாது. ஏனென்றால் ஒளியில் அதைவிடச் சிறிய அலகு இல்லை. எத்தனை முறை பாடம் நடத்தினாலும் இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இந்த நுட்பத்துக்குக் கண் கொடுக்கும் விலைதான் நிறம். குச்சிச் செல்லில் ஒரே வகை நிறமி. ஒரு ஃபோட்டான் பட்டுவிட்டால் அது பச்சை ஒளியிலிருந்து வந்ததா, மஞ்சளிலிருந்து வந்ததா என்று அந்தச் செல்லுக்குத் தெரியாது. கூம்புச் செல்களுக்கும் தனித்தனியே பார்த்தால் இதே கதிதான். ஆனால் அவற்றில் மூன்று வகை உண்டு: நீண்ட, நடுத்தர, குறுகிய அலைநீளங்களுக்கு ஒவ்வொரு வகையும் அதிகமாக எதிர்வினை காட்டுகிறது. மூன்றின் எதிர்வினைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடும்போதுதான் நிறம் பிறக்கிறது. வெளிச்சம் குறைந்தால் கூம்புச் செல்கள் ஓய்ந்துவிடுகின்றன. எஞ்சுவது ஒரே வகை. ஒப்பிட எதுவும் இல்லை. ஆகவே நிலவொளியில் புடவையின் நிறம் தெரிவதில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு செம்பருத்திச் செடியின் அருகே அரைமணி நேரம் நின்று பாருங்கள். பகலில் பளிச்சென்று இருந்த பூ மெல்ல மெல்லக் கருத்துப்போகும். மங்கலாக இருந்த இலைகள் அதைவிட வெளிச்சமாகத் தெரியும். கூம்புச் செல்களிடமிருந்து குச்சிச் செல்களுக்குப் பொறுப்பு கைமாறுவதையே அப்போது நீங்கள் பார்க்கிறீர்கள். குச்சிச் செல்கள் நீலப்பச்சையை நன்றாக உணர்பவை, சிவப்பை அநேகமாக உணராதவை. செக் நாட்டு உடலியங்கியலர் புர்கின்யே 1825-இல் எழுதிவைத்த இந்த மாற்றம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். நாம் நேராக உற்றுப் பார்க்கும் பொருள் விழித்திரையின் நடுக்குழியில் விழுகிறது. அங்கே கூம்புச் செல்கள் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. குச்சிச் செல்கள் இல்லை. ஊருக்கு வெளியே, விளக்குகள் இல்லாத இடத்தில் கார்த்திகை விண்மீன்கூட்டத்தை நேராக உற்றுப் பார்த்தால் சில விண்மீன்களே தெரியும். பார்வையைச் சற்றே பக்கத்தில் நகர்த்தினால் கூடுதலாகச் சில எட்டிப்பார்க்கும். திரும்ப அவற்றை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும்.

ஒளி பட்டு நிமிர்ந்த ரெட்டினால் மீண்டும் வளைக்கப்பட வேண்டும். குச்சிச் செல்லுக்கு அந்த வேலையைப் பின்னாலிருக்கும் நிறமிப் படலம் செய்து திருப்பித் தருகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். வெயிலிலிருந்து திரையரங்குக்குள் நுழைந்தவர் இருக்கையைத் தடவித் தேடுவது அதனால்தான். கண் முழுமையாக இருட்டுக்குப் பழக அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். ரெட்டினாலை உடல் தானாக உருவாக்குவதில்லை. உணவில் வரும் வைட்டமின் ஏ-யிலிருந்துதான் பெறுகிறது. விழித்திரையில் அந்த வைட்டமின் இருப்பதை 1933-இல் கண்டறிந்த ஜார்ஜ் வால்ட் 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்கு அந்தி சாய்ந்ததும் கண் தெரியாமல் போவது மாலைக்கண். கவனிக்காமல் விட்டால் கார்னியாவே கெட்டுப் பார்வை நிரந்தரமாகப் போகும். இந்திய அரசு 1970 முதல் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்துவருவது இதைத் தடுக்கத்தான். முருங்கைக்கீரையும் பப்பாளியும் நல்லவை. கீரையில் சற்று எண்ணெய் சேர்ந்தால் இன்னும் நன்றாக உடலில் சேரும். ஆனால் குறைபாடு இல்லாத ஒருவர் கேரட்டாகச் சாப்பிட்டுத் தள்ளினால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்பது வெறும் நம்பிக்கை.

இனி, சலித்தெடுக்கும் வேலை. வெயிலில் கிடக்கும் ஒரு கரித்துண்டிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, வீட்டுக்குள் கொடியில் தொங்கும் வெள்ளை வேட்டியிலிருந்து வரும் ஒளியைவிடப் பல மடங்கு அதிகம். கரி தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறிய பங்கையே திருப்பி அனுப்புகிறது. ஆனால் வெயில் வீட்டு வெளிச்சத்தைவிட நூறு மடங்குக்கு மேல் வலிமையானது. அப்படியிருந்தும் கரி கருப்பாகவும் வேட்டி வெள்ளையாகவுமே தெரிகின்றன. ஒளியின் அளவை அளந்து சொல்லும் கருவியாகக் கண் இருந்திருந்தால் இது நேராது. விழித்திரையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு நரம்புச் செல்லும் தன் பங்குக்கு உரிய சிறு வட்டத்தின் நடுவில் விழும் ஒளியை அதன் ஓரத்தில் விழும் ஒளியோடு ஒப்பிடுகிறது. இரண்டும் சமமாக இருந்தால் அது பெரிதாக எதையும் சொல்வதில்லை. வேறுபாடு இருந்தால்தான் குரல் கொடுக்கிறது. இதைப் பூனையின் கண்ணில் 1953-இல் நரம்பியல் ஆய்வாளர் ஸ்டீபன் கஃப்ளர் காட்டினார். வெற்றுச் சுவரைப் பற்றி மூளைக்குச் செல்லும் செய்தி மிகக் குறைவு; அந்தச் சுவரின் விளிம்பைப் பற்றித்தான் நிறையப் போகிறது.

இடத்தில் மட்டுமல்ல, காலத்திலும் கண் வேறுபாட்டையே தேடுகிறது. கண் மருத்துவர் விளக்கைக் கண்ணுக்குள் அடித்துச் சோதிக்கும்போது கிளைவிட்ட மரம்போல் ஒன்று சட்டென்று தெரிந்து மறைவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அது உங்கள் விழித்திரையிலேயே ஓடும் ரத்தக் குழாய்களின் நிழல். எப்போதும் அங்கேதான் விழுந்துகொண்டிருக்கிறது. ஆனால் கண்ணோடு சேர்ந்தே நகர்வதால் செல்களைப் பொறுத்தவரை அதில் மாற்றமே இல்லை. மாறாததைக் கண் விட்டுவிடுகிறது. விளக்கு நகரும்போது நிழலும் நகர்ந்து புதிய செல்கள்மேல் விழுவதால் ஒரு கணம் தெரிந்துவிடுகிறது. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கான்டாக்ட் லென்ஸின் உதவியோடு, கண் அசைந்தால் படமும் கூடவே அசையும்படி அமைத்துக் காட்டினார்கள். சில நொடிகளுக்குள் படம் மங்கி மறைந்துவிட்டது, கண் அகலத் திறந்திருக்கும்போதே.

அப்படியானால் நாம் ஒரே இடத்தை உற்றுப் பார்க்கும்போது உலகம் ஏன் மறைவதில்லை? நாம் அசையாமல் பார்ப்பதாக நினைக்கும்போதும் கண் நுட்பமாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த நடுக்கம்தான் பார்வையைக் காப்பாற்றுகிறது. அதற்கு மேல், நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. தெளிவாகப் பார்க்கும் நடுக்குழிக்கு அகப்படும் பரப்பு, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவே. மற்ற இடமெல்லாம் மங்கல். தாவித் தாவித்தான் முழுக் காட்சியும் சேர்கிறது. தாவும் நேரத்தில் மூளை பார்வையை அடக்கிவைக்கிறது. கண்ணாடியின் முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவதை உங்களால் ஒருபோதும் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணர் செல்களே இல்லை. 1660-களில் பிரான்சின் எட்மே மாரியோட் கண்டறிந்த குருட்டுப் புள்ளி அது. கோடு போட்ட தாளில் இடப்புறம் ஒரு பெருக்கல் குறியும், அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்புறம் ஒரு சிறிய கரும்புள்ளியும் போட்டுக்கொள்ளுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முகத்திலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டரில் புள்ளி காணாமல் போகும். அந்த இடத்தில் ஓட்டை தெரியாது. தாளின் கோடு தடையின்றி ஓடுவதாகத் தெரியும். நமக்கு முதுகெலும்புள்ள மற்ற உயிர்களைப் போலவே நரம்பிழைகள் செல்களுக்கு முன்புறமாக ஓடுவதால் இந்தக் குறை. ஆக்டோபஸின் கண்ணில் அவை பின்புறமாக ஓடுகின்றன. அதற்குக் குருட்டுப் புள்ளி கிடையாது.

இப்போது தலைகீழ்ப் படத்துக்கு வருவோம். படம் தலைகீழாக விழுகிறது என்பதை 1604-இல் வானியலர் கெப்ளர் தெளிவுபடுத்தினார். நீங்களே சோதிக்க எளிய வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, பார்வையை மூக்குப் பக்கம் திருப்பி, கண்ணின் வெளியோர மூலையில் இமைமேல் விரலால் மிக மெல்ல அழுத்துங்கள். ஒளிர்ந்த விளிம்புள்ள வட்டம் ஒன்று தெரியும், அழுத்திய பக்கத்தில் அல்லாமல் மூக்குப் பக்கத்தில். (கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களும் இதைச் செய்ய வேண்டாம்.) விழித்திரையின் வலது ஓரத்தில் எழும் செய்தியை மூளை எப்போதும் இடப்பக்கத்து உலகமாகவே பொருள்கொள்கிறது.

ஆகவே படத்தை நிமிர்த்தும் வேலை எங்கும் நடப்பதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. விழித்திரைப் படத்தை உள்ளே உட்கார்ந்து பார்க்கும் இன்னொரு ஆள் இருந்தால்தான் அது அவருக்குத் தலைகீழாகத் தெரியும். அப்படி யாரும் இல்லை. விழித்திரையின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் செய்திக்குக் கையை மேலே நீட்டினால் பொருள் அகப்படுகிறது. அந்தப் பொருத்தமே "மேல்" என்பதன் பொருள். 1890-களில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலர் உலகைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை அணிந்து எட்டு நாட்கள் வாழ்ந்து பார்த்தார். தொடக்கத்தில் தடுமாறியவர் போகப் போக இயல்பாக நடமாடினார். அவருக்குக் காட்சியே நிமிர்ந்துவிட்டதா என்பதில் பின்வந்த ஆய்வாளர்கள் உடன்படவில்லை. கையும் காலும் புதிய பொருத்தத்தைக் கற்றுக்கொண்டன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

கண்ணா மூளையா என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை. மூளை பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு பருவம் உண்டு. பிறந்த சில வாரங்களில் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடிவைத்தால், பிற்பாடு திறந்தாலும் அந்தக் கண்ணின் செய்தியை மூளையின் பார்வைப் பகுதி அநேகமாக ஏற்பதில்லை என்று நரம்பியல் ஆய்வாளர்கள் ஹியூபலும் வீசலும் 1960-களில் காட்டினார்கள்; 1981-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மாறுகண்ணோ, ஒரு கண்ணில் மட்டும் அதிகப் பவரோ உள்ள குழந்தைக்கு நேர்வதும் இதுவே. கண் நலமாக இருக்கும்; மூளை அதைக் கைவிட்டிருக்கும். சோம்பேறிக் கண் என்று இதைச் சொல்வது கண்ணின்மேல் வீண்பழி போடுவது. நல்ல கண்ணை நாள்தோறும் சில மணிநேரம் மறைத்துவைத்து மற்றதைப் பழக்கும் சிகிச்சை, சிறு வயதிலேயே தொடங்கினால் நன்கு பலன் தருகிறது. வயது ஏற ஏறப் பலன் குறைகிறது.

1688-இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினூ ஒரு கேள்வி எழுப்பினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டு அறிந்திருக்கிறார். திடீரென்று பார்வை வந்தால், தொடாமலே பார்த்து எது எது என்று சொல்வாரா? இந்தியாவில் பார்வையற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்து, அவர்கள் பார்க்கக் கற்பதை ஆராயும் திட்டம் பிரகாஷ். நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹா நடத்திவரும் அந்தத் திட்டத்தில், பிறவிக் கண்புரை போன்றவற்றோடு வளர்ந்து 8 முதல் 17 வயதுக்குள் அறுவைச் சிகிச்சை பெற்ற ஐந்து பேரிடம் இதைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டு அவிழ்த்த உடனே, பார்த்த பொருளைப் பார்வையாலேயே அடையாளம் காட்டினார்கள். தொட்டதைத் தொட்டு அடையாளம் காட்டினார்கள். ஆனால் தொட்டதைப் பார்த்துச் சொல்லும்போது, கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் எவ்வளவு சரியாக வருமோ அதைவிடச் சற்றே மேல். மீண்டும் சோதிக்கப்பட்டவர்கள் சில நாட்களிலேயே நன்கு தேறியிருந்தார்கள்.

தாமதமாகக் கிடைத்த பார்வையும் வீண்போவதில்லை என்பது அந்தத் திட்டம் தந்த நல்ல செய்தி. என்றாலும் நுண்ணிய எழுத்தைப் படிக்கும் கூர்மை அப்படி வந்தவர்களுக்கு முழுமையாகக் கிடைப்பது அரிது. அதனால் உங்கள் மகளின் பாடத்தோடு இதையும் சேர்த்துச் சொல்கிறேன். கைக்குழந்தையின் கண்பாவை நடுவில் வெண்மையாகத் தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்பாவை மட்டும் வெண்மையாக ஒளிர்ந்தாலோ, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். கண்புரையாக இருக்கலாம், விழித்திரையில் கட்டியாகவும் இருக்கலாம். பிறவிக் கண்புரை முழுமையாக மறைத்திருந்தால் முதல் சில வாரங்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்வதே நல்லது. அந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.